கீழிருந்து ஏறும் சொறிக் கணக்கு

வேலாயுதம் மஹாலட்சுமியை முதன்முதலில் பார்த்தது செங்கல்பட்டு பஸ்ஸில். மடியில் கட்டம் போட்ட தாளை விரித்து, சிவப்புப் பென்சிலால் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் ஏறியவர் என்பதால், சேலை பார்டர் டிசைன்தான் என்று நினைத்தான்.

"எந்தச் சேலைக்குக்கா?"

"கடலுக்குப்பா."

முசரவாக்கத்தில் அவன் வீட்டுக்கு அவன்தான் முதல் பட்டதாரி, எம்.எஸ்சி. விலங்கியல். கடலோர ஆய்வு நிலையத்தில் அன்று வேலைக்குச் சேரப் போகிறவன். மஹாலட்சுமிக்கும் அங்கேதான் வேலை. தறிக்காரர் வீட்டுப் பெண், படிப்பு பத்தாவது, ஆறு வருஷமாகத் தினக்கூலி. வலை கரையேறியதும் அதில் சிக்கிய ஜெல்லி மீன்களை எண்ணுவார். பட்ட இடம் தடித்து அரிக்கும் என்பதால் மீனவர்கள் அதைச் சொறி என்பார்கள். மாதத்துக்கு ஒரு வரி. நூறு சொறிக்கு ஒரு சிவப்புக் கட்டம். மாதத்தின் பேரெல்லாம் எழுதுவதில்லை.

அந்த ஆறு வருஷத் தாளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது வேலாயுதம். பார்த்த அதிகாரி வேணுகோபால் மஹாலட்சுமியைக் கூப்பிட்டார்.

"கடல் சூடு ஏறியிருக்கு, சொறி குறைஞ்சிருக்கு. சூட்டுல சொறி பெருகுதான்னு பாக்கத்தான் எண்ணச் சொன்னோம். இனிமே எண்ண வேணாம்மா."

"கொறைஞ்சுதா?" மஹாலட்சுமி ரவிக்கைக் கையை ஏற்றித் தடிப்புகளைக் காட்டினார். "இதைப் பாத்துட்டுச் சொல்லு சார். வலையில மீனைத் தேட வேண்டியிருக்குது."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"அதுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?" வேலாயுதத்தின் பக்கம் திரும்பினார். "தாளை எங்கேருந்துப்பா படிச்சே?"

"மேலேருந்துக்கா."

"அட எம்மெஸ்ஸி! தறியில மொத இழை கீழதானே விழும்? நெய்ய நெய்ய மேல ஏறும். எங்கூட்ல டிசைன் தாளைக் கீழேருந்துதான் படிப்போம். உச்சியில இருக்கிறது போன மாசம்பா!"

வேலாயுதத்துக்குக் காது சூடேறியது. வாயை மூடிக்கொண்டால் பட்டத்துக்கு மானம் மிஞ்சும். ஆனால் எண்ணிக்கை நின்றுவிடும்.

"தப்பு என்னுதுதான் சார்" என்றான்.

மதியத்துக்குள் திருப்பி ஏற்றினான். சூட்டுக் கோடும் சொறிக் கோடும் சேர்ந்தே ஏறின.

"சூடு மட்டுமே காரணம்னு சொல்லிட முடியாது" என்றார் வேணுகோபால்.

"நான் காரணமா சொன்னேன்? எண்ணிக்கை சொல்றேன். அதை நிறுத்திட்டா காரணத்தை எதை வச்சித் தேடுவீங்க?" என்றார் மஹாலட்சுமி.

வேணுகோபால் தாளை அவர் பக்கம் தள்ளினார். "சரி, எண்ணும்மா. இனிமே மேலேருந்து எழுது."

"முடியாது சார். நெய்ததைப் பிரிக்க மாட்டேன். நீங்க படிச்சவங்க, கீழேருந்து படிங்க."

இது ஏழாவது வருஷம். மஹாலட்சுமி இன்னும் தினக்கூலிதான். அதே பஸ்ஸில் போய் அதே கரையில் சொறி எண்ணுகிறார். வேலாயுதம் அதைக் கீழிருந்து படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான்.