சேலையைத் துவைத்த குற்றம்

ஆட்டிசம் பற்றி ஒரு அலமாரி நிறையப் படித்தவன் நான். என் மகளுக்குக் காலை எதில் தொடங்குகிறது என்பது மட்டும் பத்து வருடமாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு பாக்கெட் சோப்புத்தூள் செலவானது.

என் மனைவி போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் காயைத் தரம் பிரிக்கிறாள். வேலையும் மகளுமாக ஓடி ஓடி ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. மூன்று நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றார் டாக்டர். மலைமேல் எஸ்டேட்டில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு ஜீப் ஏற்றிவிட்டேன்.

"ஒரு போன் போடுங்க, வெரசா எறங்கி வந்துர்றேன்" என்றாள்.

போடக்கூடாது என்று முடிவு செய்தேன். நல்ல கணவன் என்ற வெறியில், வீட்டில் கிடந்த அவள் சேலைகளையெல்லாம் அன்றே துவைத்துப் போட்டேன்.

மறுநாள் கண் விழித்த மகள் தலைமாட்டைத் தடவினாள். அம்மா வேலைக்குக் கட்டும் பழைய சேலை எப்போதும் அங்கேதான் கிடக்கும். நான் மடித்து வைத்திருந்ததை முகத்தில் வைத்துப் பார்த்தாள். தூக்கி எறிந்தாள். காதைப் பொத்திக்கொண்டு அலறல். பல் துலக்கவில்லை. நீலத் தட்டில் இட்லி ஆறியது. பள்ளி வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. புத்தகம் சொன்னபடி பட அட்டையைக் காட்டினேன். அதுவும் சேலைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. என் கை போனுக்குப் போனது. தூக்கம் கலைந்து ஜீப்பில் இறங்கிவரும் மனைவியின் முகம் தெரிந்தது. போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

சேலையை எடுத்து முகர்ந்தேன். வெறும் சோப்பு. அப்போதுதான் உறைத்தது. ஊரே ஏலக்காய் மணக்கும்போது போடிக்காரன் மூக்குக்கு அது வெறும் காற்று. என் மகளுக்கோ அதுதான் விடியல்.

சேலையை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு குடோனுக்குப் போனேன். வாசலிலேயே அழுகை அடங்கியது. ஒரு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இன்று சரி, நாளைக் காலைக்கு? சேலையை மடியில் விரித்து, மனைவியின் இடத்தில் உட்கார்ந்து நானே காய் பிரிக்க ஆரம்பித்தேன்.

"என்னண்ணே, மதினி சோலியப் புடுங்கிட்டீகளா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"சேலைக்கு வாசம் ஏத்துறேம்மா."

"வாசம் ஏறுதோ இல்லையோ, வெடிச்ச காயெல்லாம் நல்ல காயில ஏறிருச்சு. முதலாளி வர்றதுக்குள்ள எந்திரிங்க!"

எழவில்லை. மத்தியானம்வரை உட்கார்ந்தேன்.

மறுநாள் மகள் சேலையில் முகம் புதைத்து ஒரு நீள மூச்சு இழுத்தாள். எழுந்தாள். பல், நீலத் தட்டு, வேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. இடுப்புதான் நிமிரவில்லை.

மனைவி திரும்பி வந்தாள். முகத்தில் தூங்கிய களை. என் வீரக்கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"முந்தானையில ஒரு கை ஏலக்காய முடிஞ்சு போட்டிருந்தாப் போதுமே. இதுக்கா அரை நாளு குத்தவச்சு உக்காந்திருந்தீக?"