எந்தக் குரங்குக்கும் பொருந்தாத பெயர்

எங்கள் காட்டு முகாமில் செல்போன் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறையின் மேல்தான். ஏறி நின்றால் பல நாள் சேதிகள் மொத்தமாக வந்து கொட்டும். அன்றும் அப்படித்தான். முதலில் கோகிலா அக்கா அனுப்பிய ஒரு கேலிப் படம். அடுத்து அவள் குரல்: "ஏய் வாலு, எனக்குக் காச்சல் புள்ள. பெரியப்பா லாரி ஷெட்டு ரூம்புல படுக்க வெச்சிருக்காங்க. உன்ற மொகரைய நெனச்சுக் காச்சல வெரட்டிட்டு இருக்கறேன்." அதற்கடுத்து, மாலை போட்ட அவள் படத்தோடு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். நான் சிரித்து முடிப்பதற்குள் அவள் செத்துப்போயிருந்தாள்.

இந்த அஞ்சலியை வாசிக்கும், அவளை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? அவள் சங்ககிரி லாரிக் குடும்பத்துப் பெண், நான் வெண்ணந்தூர்த் தறிக்காரர் மகள். கல்லூரி முடித்த அவளும் பிளஸ் டூ முடித்த நானும் ஒரே மழையில் அந்த மலைக்காட்டில் போய் இறங்கினோம். சம்பளமில்லாத் தொண்டு. விடிந்ததிலிருந்து அடையும்வரை சோலைமந்திக் கூட்டத்தின் பின்னால் நடந்து, எது என்ன தின்றது, எது யாருக்குப் பேன் பார்த்தது என்று குறிக்க வேண்டும். "மந்திரி பின்னால போனா மரியாதை, மந்தி பின்னால போனா மானக்கேடாக்கா?" என்று புலம்பினேன். காலிலிருந்து அட்டையைப் பிய்த்தபடியே சொன்னாள்: "மந்தி ஓட்டுக் கேக்காது சாமி."

ஒருநாள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து ஆண் மந்தியைப்போலக் கூவினேன். அவளும் நம்பிக் குறித்துக்கொண்டாள். குட்டு உடைந்தபின் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் முழுக்க மந்திகளோடு என்னையும் கவனித்து, மாலையில் எல்லோர் முன்னாலும் வாசித்தாள்: "பருவப் பெண். கூட்டத்தில் கடைசி இடம். மற்றவர் பார்க்காதபோது பிஸ்கட் தின்னும். குளிப்பதைக் கண்டவர் இல்லை."

அவள் அழுது நான் பார்த்தது ஒரே முறை. குட்டி செத்தது தெரிந்தும் ஒரு தாய் மந்தி அதைக் கைவிடாமல் கிளைக்குக் கிளை தூக்கிக்கொண்டு திரிந்தது. "நாத்தமெடுத்தும் கீழ உடமாட்டேங்குது பாரு. இதப் போயிக் கொரங்குன்னு நாம வையறோம்" என்றாள்.

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக ஊருக்குப் போனவள் அவள். மழைக்காலம். போய்ச் சில வாரங்கள் கழித்துத்தான் காய்ச்சல் கண்டது. அப்பா இல்லாத வீட்டுக்குப் பெரியப்பா வைத்ததே சட்டம். "கொரங்குக் காச்சல்னு மாப்ள ஊட்டுல தெரிஞ்சா காரியம் கெட்டுரும்" என்று அவளை ஷெட்டு அறைக்கு மாற்றினார். பக்கத்திலேயே பழைய லாரி டயர்கள், ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர், அதில் நெளியும் கொசுப்புழு. நிச்சயம் முடிந்தபின்தான் ஆஸ்பத்திரி. டெங்கு என்றார் மருத்துவர், முன்பே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொன்னார். இதை என்னிடம் சொன்னவர் அவளைப் பெற்ற அம்மா.

துக்கம் கேட்கப் போனபோது பெரியப்பா என்னை ஓரமாக அழைத்தார். "ஏம் பாப்பா, நீதான அஞ்சலி எழுதறே? கொரங்குகிட்டத் தொத்துன நோவுன்னு ஒரு வரி போட்டுரு சாமி. மத்த புள்ளைங்களுக்கும் புத்தி வரும்."

"டயர்ல முட்டை வெச்சதும் கொரங்குதானுங்களா?" என்றேன்.

"வாய்க்கொழுப்பப் பாரு! காட்டுல திரிஞ்ச கழுதைக்கு மருவாதி எங்கிருந்து வரும்?"

ஆகவே அவர் கேட்ட ஒரு வரி இதோ: கோகிலா குரங்கால் சாகவில்லை, பெரியப்பாவின் டயரில் பிறந்த கொசுவாலும் அவருடைய கௌரவத்தாலும் செத்தாள். பேனரில் அவள் படத்தைவிட, கைகூப்பிய அவர் படம்தான் பெரிது.

எங்கள் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்குப் புதிதாக வரும் ஆண் மந்தியை முதலில் அடையாளம் கண்டவர் பெயர் வைக்கலாம். அந்தப் பெயர் அதன் ஆயுளுக்கும் ஆராய்ச்சியில் நிற்கும். நான் திரும்பிய வாரமே ஒன்று வந்தது, நான்தான் முதலில் கண்டேன். பெரியப்பா பெயரை இனிஷியலோடு வைத்துவிட்டுச் சங்ககிரிக்கே சேதி சொல்வதாகத் திட்டம். பிடுங்கித் தின்னட்டும், குட்டியைக் கடிக்கட்டும் என்று ஆசையோடு காத்திருந்தேன். பாழாய்ப்போனது, நொண்டி வந்த ஒரு கிழட்டு மந்தி கூட்டத்தை எட்டிப் பிடிக்கும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் போய் அந்தப் பெயரா? மனம் வரவில்லை. வேறு பெயர் வைத்தேன்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அவளுடைய பொறுமை. உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்துகொண்ட மந்திக்காக, கழுத்து வலிக்க, மழை கொட்ட, மரத்தடியிலேயே கிடப்பாள். போகலாம் என்று நச்சரித்தால் சொல்வாள்: "எறங்காமயா போயிரும்?"

பெரியப்பா, நானும் மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.