கதவு சாத்தாத லென்ஸ்

பழைய லென்ஸ் விற்க வருகிறவனிடம் நான் முதலில் கேட்பது ஊர்ப் பெயர். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். லென்ஸ் எந்த ஊரில் கிடந்ததோ அந்த ஊர்க் காற்று அதற்குள் இருக்கும். மூணாறு என்றால் ஈரம். அகளி என்றால் தூசி. எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் மழை ஏமாற்றுகிற பூமி. விவசாயிக்குக் கஷ்டம், லென்ஸுக்கு நல்லது. அதனால்தான் என் கடை இங்கே ஓடுகிறது.

கல்யாணப் படம் எடுத்து எடுத்து முதுகு போன பிறகு இந்த வியாபாரத்தில் உட்கார்ந்தேன். யாரோ கழித்துப் போட்ட பெரிய கேமராவை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அதில் மாட்ட லென்ஸ் வாங்க வழியில்லாமல் முழிக்கிறவர்கள்தான் என் வாடிக்கை. நீங்களும் அந்தக் கூட்டம் என்றால் மேலே படியுங்கள். இல்லை என்றால் உங்களுக்கு வேறு வேலை இருக்கும்.

பூ

தவக்காலம் ஆரம்பித்திருந்தது. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். டவுனில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறவள். பழைய ப்ரோ கேமரா ஒன்றை லென்ஸோடு வாங்கியிருந்தாள். ஈஸ்டர் கழிந்த வாரம் எஸ்டேட் கோயிலில் ஒரு கல்யாணம். அவள் தனியாக ஒத்துக்கொண்ட முதல் வேலை. நன்றாக வந்தால் சொந்தத் தொழில். சொதப்பினால் மறுபடியும் அடுத்தவன் எடுத்த படத்துக்கு பார்டர் போடுகிற வேலை. கோயிலோ இருட்டு. பூசை நேரத்தில் ஃபாதர் ஃபிளாஷ் அடிக்க விடமாட்டார். அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமிருந்து டார்ச் அடித்தேன். உள்கண்ணாடியில் பூஞ்சணம் வெள்ளையாக வேர் விட்டிருந்தது. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்போமே, அதே பூ. சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் நம் முதுகுப் பக்கம் இருந்தால் படத்திலும் தெரியாது. எதிர் வெளிச்சம் பட்டால் மட்டும் படம் முழுக்கப் பால் கொட்டினமாதிரி வெளுத்துவிடும். கோயிலுக்குள் மெழுகுவத்தி, பீடத்து விளக்கு எல்லாமே எதிர் வெளிச்சம்தான்.

"பூ விழுந்திருக்கு" என்றேன். புரியவில்லை. "பூப்பல்" என்று மலையாளத்தில் சொன்னதும் முகம் மாறியது. எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டேன். விற்றவர் தோல் பை கொடுத்தாராம். அந்தப் பைக்குள்ளேயே போட்டு, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாளாம். மலை ஈரத்தில் தோல் பையும் சேலையும். பூப்பலுக்குப் பாய் விரித்துத் தலையணையும் போட்ட மாதிரி. அதையும் சொன்னேன். லென்ஸை வாங்கித் துடைத்தாள். துடைத்தால் போகாது என்று தெரிந்தும் துடைத்தாள். எங்கள் பக்கம் யாரும் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை. அவள் கூப்பிட்டாள்.

"பத்திரமா வச்சதுதான் தப்பா, அண்ணாச்சி?"

மூலை

அவள் இருக்கும்போதே வேலந்தாவளம் தங்கவேலு உள்ளே நுழைந்தான். காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் என்று எதையும் விடாமல் எடுக்கிறவன். சின்னக் கேமராவை விற்றுவிட்டுப் பெரியது வாங்கியிருந்தான். பழைய லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டான். அங்கேதான் தப்பு. பெரிய கேமராவுக்கு உள்ளே படத்தை வாங்குகிற சென்சார் பெரிது. சின்னதற்குச் செய்த லென்ஸ் அதில் மாட்டும், படமும் விழும், ஆனால் நாலு மூலையும் கறுத்துப் போகும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியை இவன் வாங்கின பிறகு என்னிடம் கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் ஸ்டெல்லாவின் கேமராவைப் பார்த்துவிட்டான். "ஏனுங்கம்மிணி, நம்முளுது ஒண்ணு சும்மா கெடக்குதுங்க. கொடுக்கறதக் கொடுத்துட்டு எடுத்துக்குங்க" என்றான். அவளும் ஆசையாக மாட்டி, வாசலைப் பார்த்து ஒரு படம் எடுத்தாள். சுற்றிலும் கறுப்பு, நடுவில் வட்டமாக ரோடு. சாவித் துவாரம் வழியாகக் கல்யாணம் பார்க்கப் போகிறாயா என்று அவளைக் கேட்டேன். அவள் கழற்றிவிட்டாள். தங்கவேலுவுக்கு என்மேல் கோபம் இல்லை, வருத்தம்தான்.

"மூலை இருட்டா இருந்தா என்னங்ண்ணா? பொண்ணும் மாப்பிள்ளையும் நடுவாலதானுங்களே நிக்கறாங்க!"

எறும்பு

மறையூரில் முருகேசன் என்று ஒருவர். கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சும் கொட்டகை, வருகிற டூரிஸ்டுகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என்று மூன்றும் பார்க்கிறவர். ஒரு லென்ஸ் விற்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். மலைக்கு நடுவில் இருந்தாலும் மறையூர் காய்ந்த பள்ளத்தாக்கு. பூ விழாது. வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கிப் பார் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் போன் வந்தது. குரலில் சந்தோஷம். கண்ணாடி சுத்தம், விலை குறைவு, ஒரே ஒரு விஷயம், உள்ளே ஒரு எறும்பு செத்துக் கிடக்கிறது என்றாள். வெல்லக் கொட்டகையில் வைத்தால் எறும்பு வராமல் யார் வருவார்? உங்களுக்கும் சொல்கிறேன். உள்ளே கிடக்கும் தூசிக்கும் எறும்புக்கும் பயப்படாதீர்கள். படத்தில் விழாது. அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். ஆனால் மேலே எழுதியிருக்கிற எண்ணைப் படிக்கச் சொன்னால், அது தூரத்தில் நிற்பதை இழுத்துக் காட்டுகிற நீள லென்ஸ். வெளிச்சத்தைக் கஞ்சத்தனமாக உள்ளே விடும். வரையாடு எடுக்கலாம். இருட்டுக் கோயிலில் குருடு. கொட்டகைக்கு உள்ளே நின்று அடுப்புக்காரரை எடு என்றேன். எடுத்தாள். "ஆளே ஆவியாத் தெரியறாரு" என்றாள். வேண்டாம், பஸ் ஏறு என்றேன். எறும்பைப் பார்த்துத்தான் வேண்டாம் என்கிறேன் என்று முருகேசன் நினைத்துக்கொண்டார். போனை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"எறும்பு செத்துப் போச்சு சார். இனிமே அது எங்கயும் போவாது. நம்பி வாங்கலாம்."

ஜாக்கிரதை

பாலக்காட்டில் கல்பாத்தியில் ஒரு பெரியவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு லென்ஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டு நானே போனேன். எனக்குப் பஸ் பிடிக்காது. இருந்தாலும் போனேன்.

காற்றுப் புகாத பெட்டி, அதற்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதற்குள் மஸ்லின் துணி, அதற்குள் லென்ஸ். முகம் எடுக்கிற லென்ஸ். இருட்டில் மெழுகுவத்தி போதும் அதற்கு. ஸ்டெல்லாவுக்கு எது வேண்டுமோ அதுவேதான். டார்ச் அடித்தேன். பூ இல்லை, தூசி இல்லை, ஒரு கீறல் இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை நான் கையில் பிடித்ததில்லை. விலை கேட்டேன். புதிதாகக் கடையில் வாங்குவதற்குச் சொல்கிற விலை. ஒரு பெண்ணின் முதல் கல்யாண வேலை என்று சொன்னேன். "நன்னா வரட்டும்" என்று மனசாரச் சொன்னார். காப்பி கொடுத்தார். விலை மட்டும் நகரவில்லை.

வளையத்தைத் திருப்பினேன். திருகாமலே கிடந்து இறுகியிருந்தது. பிடிவாதம் அவருக்கா லென்ஸுக்கா என்று தெரியவில்லை. இதில் என்ன படமெல்லாம் எடுத்தீர்கள் என்று கேட்டேன். நான் ஏதோ திட்டிவிட்ட மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"படமா? ஒண்ணு கூட எடுத்ததில்லையாக்கும். அத்தனை ஜாக்ரதையா வெச்சிண்டிருக்கேன், கேட்டேளா?"

ஏலக்காய்

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் சேவியர் என்பவர் வந்தார். கோயம்புத்தூரில் தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழி. எந்த ஊர் என்று கேட்டேன். ஏலமலை என்றார். அப்படியே திரும்பிப் போகச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் பையைத் திறந்தபோது கடை முழுக்கப் பாயசம் மணந்தது.

கல்பாத்தியில் பார்த்த அதே அளவு லென்ஸ், பழைய மாடல். உள்ளே மோட்டார் கிடையாது. சின்னக் கேமராவில் மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகாது என்பதால் யாரும் சீண்டமாட்டார்கள். ஸ்டெல்லாவினுடையது போன்ற பழைய ப்ரோ கேமராவில் அந்த மோட்டார் கேமராவுக்குள்ளேயே இருக்கும். பெரிய கேமரா வாங்கினவன் சின்னக் காசில் நல்ல லென்ஸ் வாங்க இது ஒரு வழி. டார்ச் அடித்தேன். மலை லென்ஸில் பூ இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கே வைத்திருந்தீர்கள் என்றேன். "ஸ்டோர்லதான்" என்றார். ஸ்டோர் என்றால் அவர்கள் பக்கம் ஏலக்காய் உலர்த்துகிற சூட்டு அறை. ஈரம் எட்டிப் பார்க்காது, சரிதான். ஆனால் அந்தச் சூட்டில் லென்ஸுக்குள் இருந்த கிரீஸ் இளகி, நடுவில் இருக்கிற தகடுகளில் எண்ணெயாக ஒழுகியிருந்தது. அந்தத் தகடுகளை நான் கதவு என்பேன். வெளிச்சத்துக்கு அதுதான் கதவு. சும்மா இருக்கும்போது திறந்தே இருக்கும், படம் விழுகிற நேரத்தில் வேண்டிய அளவுக்குப் படக்கென்று சாத்தும். இது எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, சாத்தலாமா வேண்டாமா என்று யோசித்தது.

பிரித்துத் துடைக்கிறவர் கோயம்புத்தூரில் ஒருவர்தான் எனக்குத் தெரியும். கொடுத்தால் ஈஸ்டர் போய்விடும். உதிரி பாகம் விலைக்குத்தான் எடுப்பேன் என்றேன். சரி என்று தலையாட்டினார், ஆனால் மனம் ஆறவில்லை.

"ஏலக்காய்க்கே நல்லது பண்ற ரூமுங்க ஐயா அது. ஏலக்காயவிட இது என்ன வெலகூடின சாமானா?"

கதவு

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் ஸ்டெல்லா மறுபடியும் வந்தாள். வாங்க ஒன்றும் இல்லை என்று போனில் சொன்னேன், கேட்காமல் வந்தாள். முகம் வாடியிருந்தது. கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். "ஏலக்கா வாசம் எங்கேருந்து வருது?" என்றாள்.

அது கெட்டுப்போனது, விற்பனைக்கு இல்லை என்றேன். என்ன கெட்டது என்று கேட்டாள். கதவு சாத்தவில்லை என்றேன். எடுத்து மாட்டினாள். கர்ர் என்று ஒரு சத்தம் போட்டு ஃபோகஸ் பிடித்தது. கடையின் உள்ளறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, என் கையில் ஒரு விளக்கைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். கதவைப் பாதி சாத்த வைத்து எடுத்த படம், அது சாத்தாமல் வெளிச்சம் கொட்டி, வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. முழுக்கத் திறந்து எடுத்த படத்தில் என் முகம் இருந்தது. என் சிடுசிடுப்பும் இருந்தது.

முழுக்கத் திறந்தே எடுத்தால் ஒரு கண் தெளியும், இன்னொரு கண் கரையும் என்று எச்சரித்தேன். கூட்டமாக நிற்க வைத்து எடுக்க இது ஆகாது என்றேன். "கூட்டத்த வெளிய நிப்பாட்டி, வெயிலுக்கு முதுகு காட்டிப் பூ விழுந்த லென்ஸுல எடுத்துக்குறேன். நீங்கதான சொன்னீங்க?" என்றாள். சொன்னேன்தான். நல்லது ஒரு தட்டு, கெட்டது ஒரு தட்டு என்று பிரித்து அடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். எந்த வேலைக்குக் கெட்டது என்று எந்தத் தட்டிலும் எழுதி ஒட்டினதில்லை. வாங்கின விலைக்கே கொடுத்தேன். இரக்கம் என்று நினைக்காதீர்கள். எண்ணெய் ஒழுகுகிற சாமானுக்கு லாபம் வைக்க எனக்குத் தெரியாது. கடைசியாக ஒரு தடவை, கதவு சாத்தாது, அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது என்றேன்.

"இருட்டுக் கோயிலுக்குள்ள நான் எதுக்கு அண்ணாச்சி கதவச் சாத்தப் போறேன்?"

இடது கண்

ஈஸ்டர் கழிந்து சில வாரத்தில் லேப்டாப்போடு வந்தாள். படங்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனாள். வெளியே எடுத்த கூட்டப் படங்கள் பரவாயில்லை. கோயிலுக்குள் எடுத்ததில் ஒன்றில் என் கை அவள் கையைத் தடுத்தது. மணப்பெண் பீடத்துக்கு முன்னால் நிற்கிறாள். மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும். வலது கண்ணில் இமை முடி ஒவ்வொன்றும் எண்ணலாம். இடது கண் கரைந்துபோயிருக்கிறது. சொன்னேனே என்றேன். அவள் சிரித்தாள்.

பெண்ணின் அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர். படம் பார்க்க லைன் வீட்டு ஆட்களெல்லாம் அவர் வீட்டில் கூடியிருந்தார்களாம். இந்தப் படம் வந்ததும் அம்மா திரையில் விரலை வைத்தார். "இந்தக் கண்ணு மட்டும் ஏன் மசங்கிக் கெடக்கு?" என்று கேட்டார். அத்தனை பேரும் ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள். கதவு, எண்ணெய், ஏலக்காய் ஸ்டோர் என்று அங்கே எதைச் சொல்வது? ஸ்டுடியோவில் தன் நாற்காலி இன்னும் காலியாக இருக்குமா என்று நினைத்தாளாம். அந்த அம்மா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லையாம். அப்புறம் அவரே கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

இப்போது அந்தப் படம்தான் ஆல்பத்துக்கு முகப்பு. அதே லைனில் இன்னும் இரண்டு வீட்டில் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். எடுக்கத்தான், அவளுக்கு இல்லை. ஸ்டுடியோவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த லென்ஸ் பார்க்கத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். அந்த அம்மா சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"அழுதிருக்கால்ல! எம்புள்ளைக்குச் சின்னதுல இருந்தே எடது கண்ணுலதான் மொதல்ல தண்ணி வரும்."

குறையே இல்லாத லென்ஸ் கல்பாத்தியில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமென்றால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் எந்தக் குறையோடு குடித்தனம் நடத்த முடியும் என்று முடிவு செய்துகொண்டு என் கடைக்கு வாருங்கள்.