கசிந்தது தையல், பழி அம்மா மேல்

கேரளா தனி மாநிலமான மறுவருஷம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குப் பெருங்குடலின் கடைசியில் புற்றுக்கட்டி என்று டவுன் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டு, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் காலையிலேயே அப்பாவுக்குக் காய்ச்சல். வெறும் வயிற்றில் புண் ஆறாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானம் ராகிக் கஞ்சியின் தெளிவை இரண்டு கரண்டி புகட்டிவிட்டாள். சாயங்காலம் வயிறு கல்லாக வீங்கிவிட்டது. தைத்த இடம் கசிகிறது, எல்லாம் இந்தக் கஞ்சியால்தான் என்று டாக்டர் வார்டே கேட்க அம்மாவைத் திட்டினார். நானாவது சும்மா இருந்தேனா?

"உனக்கு அறிவிருக்குதா? அப்பாவெ நீயே கொன்னுபோட்டியே" என்று கத்தினேன்.

அன்றைக்கே காரில் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெரிய டாக்டர் மறுபடி வயிற்றைத் திறந்தார். உள்ளே உப்புத்தண்ணீரை ஊற்றி, கீழிருந்து குடலுக்குள் காற்றை ஏற்றினாராம். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். தையல் ஓரத்தில் குமிழி வந்திருக்கிறது. அதை அடைத்து, மறுபடி காற்றேற்றிப் பார்த்த பிறகே வயிற்றை மூடியிருக்கிறார். வெளியே வந்தவர், காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது, கஞ்சி எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்பறம் கஞ்சி மேல ஏனுங்க பழி? தையல்லயே ஓட்டை இருந்திருக்குது. தைச்ச அன்னிக்கே இப்படிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமுங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பத்து நிமிஷ வேலை! அதைச் செய்யாத மனுஷன், படிக்காத பொம்பளை தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவன் நான். காய்ச்சல் முதலில், கஞ்சி பிறகு என்று தெரிந்தும் டாக்டர் பேச்சைக் கேட்டு ஆடினேன்.

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தார். கோயமுத்தூர் டாக்டர் சொன்னதை அம்மாவிடம் எத்தனையோ தடவை விளக்கினேன். "செரி, உடு கண்ணு" என்பாள். ஆனால் அப்பாவுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுப்பதற்குக்கூட என்னைத் தேடி வந்து, "குடுக்கலாமா சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள். அந்த டவுன் டாக்டரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கட்டின புருஷனுக்கு மோர் கொடுக்க அவளை அனுமதி கேட்க வைத்த என்னையும்தான்.