திரி செருகிய மாவோடு ஒரு விமானப் பயணம்

நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த அரிசி மாவில் நூல்திரி செருகி, ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். ‘இழை எடுப்பது’ என்று பெயர். எங்கள் மேல்வீட்டு மெய்யம்மை ஆச்சி போன மார்கழியில், “எங்க ஊரு கண்டரமாணிக்கத்துக்கு எங்கூட வாங்களேன்” என்றதும் பையைக் கட்டிவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து அவர் மகன் நான்கு வருடம் கழித்து ஊருக்கு வந்திருந்தார். நோன்புக்கு மறுநாள் காலையே திரும்புகிறார். விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் அம்மா கையால் இழை.

சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் ஒரு மணி விமானம். ஊரில் மாவு பிசைய நேரமிருக்காது என்று ஆச்சி வீட்டிலேயே உருண்டை பிடித்து, திரியும் செருகி, டப்பாவில் அடுக்கிக் கைப்பையில் வைத்திருந்தார். சோதனையில் அதைத் திறந்த பெண் அதிகாரியின் முகம் மாறியது. ஒவ்வொரு உருண்டையின் தலையிலும் ஒரு திரி. பக்கத்தில் தீப்பெட்டி வேறு!

“இது என்ன?”

“இழை மாவுங்க. பொழுது சாயவும் கொளுத்துவோம்” என்றார் ஆச்சி வெள்ளந்தியாக.

“கொளுத்துவீங்களா?”

“ஆமா. கொளுத்தித்தான வாயில போடணும்!”

ஆச்சி உண்மையைச் சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. பின்னால் நின்றவர் மனைவியை இழுத்துக்கொண்டு வேறு வரிசைக்கு ஓடினார். எங்களை ஓரமாக உட்கார வைத்து, மாவை ஒரு துண்டுத் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெடிமருந்து கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் வைத்தார்கள். அதற்குள் விமானத்தில் ஏறச் சொல்லி அறிவிப்பு வந்துவிட்டது. ஆச்சிக்குக் கண் நிறைந்தது. “எம் மகன் காத்துக்கிட்டு இருப்பானே…”

இயந்திரம் ஒன்றுமில்லை என்றது. அதிகாரிக்குத்தான் இன்னும் தயக்கம். “ஒண்ணு சாப்பிட்டுக் காட்டுங்க.”

ஆச்சியோ விரதம். நான் ஓர் உருண்டையை எடுத்து, திரியை உருவிக்கொண்டு வாயில் போட்டேன். அந்தப் பயத்திலும் ருசியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நான் மென்ற வேகத்தைப் பார்த்து அதிகாரி சிரித்துவிட்டார். “ஓடுங்கம்மா, ஓடுங்க!” தீப்பெட்டி மட்டும் குப்பைக்குப் போனது. இருக்கையில் விழுந்த பிறகுதான் மூச்சே வந்தது. வரிசை மாறியவர் எங்களுக்கு முன்சீட்டு. வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார்.

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகச் சுமார் எண்பது கிலோமீட்டர். வாடகைக் கார் 2,600 ரூபாய். “நோன்புக்குத்தான போறீக? வெளக்கு வைக்க முன்ன விட்டுர்றேன்” என்ற ஓட்டுநர் வாக்கைக் காப்பாற்றினார். மகன் வாசலிலேயே நின்றிருந்தார். அம்மா கையிலிருந்து அவர் சுடரை வாங்கி விழுங்கியபோது எனக்கே அழுகை வந்தது.

கடைசியில் டப்பாவில் ஆச்சியின் உருண்டை மட்டும் இருந்தது. “ஒங்களுக்கு வச்சதத்தான் அங்குட்டே சாப்பிட்டுட்டீகளே” என்று சிரித்தவர், தன்னுடையதில் பாதியைக் கிள்ளினார். விமான நிலையத்தில் நான் உருவிய திரி என் கைப்பையில் கிடந்தது; அதை எடுத்துக் கொடுத்தேன். சுடர் நாக்கைச் சுடவேயில்லை.

நோன்புக்குப் பறக்கிறவர்கள் மாவைத் தனியாகவும் திரியைத் தனியாகவும் கொண்டுபோங்கள். தீப்பெட்டியை ஊரில் வாங்கிக்கொள்ளலாம். அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபமில்லை. சந்தேகப்பட்டார், கேட்டார், விட்டார். முன்சீட்டுக்காரர் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆச்சி தன் பங்கில் அவருக்கும் ஒரு கிள்ளு கொடுத்திருப்பார்.