வால் நட்சத்திரத்துக்கு மலை விட்ட அரை மணி நேரம்

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். சூரியன் விழுந்த பிறகு மேற்கில் வால் நட்சத்திரம் தெரியும் என்று போனில் இருந்த ஆப் சொன்னது. அந்த ஆப்பைச் செய்தவர் அனுமந்தன்பட்டிப் பக்கம் வந்ததே இல்லை போல. அவர் அடிவானத்தில் மலையே கிடையாது.

முதல் வாரம் அது மலைக்குப் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டது. தினமும் கொஞ்சம் மேலே ஏறும். ஏற ஏற மங்கும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு நாலைந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். அதிலும் மூன்று நாளைக் கேரளத்து மேகம் எடுத்துக்கொண்டது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக விட்டவன். போன் ரிப்பேர் பார்க்கிறேன். என் டெலஸ்கோப் ஒரு முழ நீளம். அதன் பின்பக்கம் பழைய கேமரா ஒன்றைத் திருகி, ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் சாயங்காலம் மலையிறங்கும்போது அவற்றின் விளக்கைப் பார்த்து ஃபோகஸ் பிடிப்பேன். ஜீப் விளக்கு புள்ளியானால் நட்சத்திரமும் புள்ளியாகும். வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு நொடிக்கு மேல் திறந்து வைக்க முடியாது. இருநூறு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு வால் கிடைக்கும். அந்த ஒரு வாலைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வாழ்க்கையில் நான் முழுசாக முடித்தது என்று வேறு எதுவும் இல்லை.

நாலாவது நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் தேவாரம் ஊரில் அக்கா மகளுக்குச் சடங்கு. நான் ஒரே தாய்மாமன். நான் சீர் கொண்டு போகாமல் ஒன்றும் நடக்காது.

"இன்னைக்கு அந்தக் குழாயத் தொட்ட, ஒன்னயும் சேத்து மலையில வீசிப்புடுவேன்," என்றார் அம்மா.

"கொஞ்சம் ஒசரமா வீசும்மா. அங்கன இருந்து பாத்தா நல்லாத் தெரியும்."

தொடாமல் எப்படி இருப்பது? கேமரா திருகியிருந்தபடியே டெலஸ்கோப்பை ஒரு தாம்பாளத்தில் வைத்து, சுற்றி வளையலை அடுக்கி, சிவப்புத் துணியைப் போட்டு மூடினேன். சீர்த்தட்டுக்குள் யார் கை விடப்போகிறார்கள்? அம்மா கை விடவில்லை, எண்ணினார்.

"இருவத்திரெண்டு வருது. எரட்டப்படையில சீரு கொண்டுபோவாகளா? ஏலே, வாழப்பழத்த ரெண்டு தட்டாப் பிரி."

பிரித்தேன். இருபத்துமூன்று ஆனது.

வேன் ஓட்டுகிறவன் என் கூட்டாளி. வழியில் வயல்காட்டில் பஞ்சர் என்று நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

"எத்தன நிமிசம்?"

"பத்து."

"பத்து நிமிசத்துக்கு எவன்டா பஞ்சராவான்?"

ஆனாலும் நிறுத்தினான். இறங்கிப் பார்த்தேன். மலைக்கு மேலே, யாரோ சுண்ணாம்பு விரலால் ஒரு இழுப்பு இழுத்த மாதிரி நின்றது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. ஆனால் நிஜம். நான் வேனுக்குப் பின்பக்கம் ஓடினேன். தட்டு ஒன்றுகூட இல்லை.

"சீரெல்லாம் குட்டியானை வண்டியில ஏத்தியாச்சுப்பா. அது முன்னாடியே போயிருச்சு," என்றார் சித்தி. "ஏன், பசிக்குதா?"

போனில் எடுத்தேன். படத்தில் பக்கத்து வேப்பமரம் மட்டும் நன்றாக விழுந்தது.

மறுபடி வேனில் ஏறினோம். தேவாரம் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். கிட்டப் போகப் போக மலை எழுந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் தலை மறைந்தது, பிறகு பாதி வால், ஊர் எல்லை வருவதற்குள் மீதியும். வண்டியைத் திருப்பச் சொல்ல முடியுமா? வேன் நிறையச் சொந்தக்காரர்கள். என் கழுத்தில் மாலை.

மண்டபத்தில் சீரை வரிசையாக வைத்தார்கள். அக்காவின் மாமனார் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துணியாக நீக்கிச் சபைக்குச் சொன்னார். பட்டுச்சேலை. வெள்ளிக் கொலுசு. பழம். இன்னொரு பழம். என் தட்டுக்கு வந்ததும் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தாய்மாமன்... டெலஸ்கோப்பு ஒன்னு. கேமராவோட."

சபை கை தட்டியது. நான் இரண்டடி எடுத்து வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது என்னோடதும்மா."

"சபையில வச்ச சீர எவனாச்சும் திருப்பி எடுப்பானா? பிள்ளைக்கு ஆகாது. சிரி. வீடியோ எடுக்குறாக."

சிரித்தேன். மாலையும் நகையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா மகளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் அக்கா என் இலைக்கு இன்னொரு அப்பளம் வைத்து, "பாசக்காரப் பய," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறந்து கேட்க எனக்கு வழியில்லாமல் போனது.

மறுநாளும் வானம் தெளிவாகவே இருந்தது. மொட்டைமாடியில் வெறுங்கையோடு நின்றேன். மலைக்கு மேலே அது கொஞ்சம் மங்கலாக நின்றது, படம் எடுத்திருந்தால் விழுந்திருக்கும். போன் அடித்தது. அக்கா மகள்.

"மாமா, இங்கன மேக்க பூராம் மலையாத்தான் இருக்கு. வானமே தெரியல."

"அது எனக்குத் தெரியும்த்தா."

"ஆனா குழாயில பாத்தா மலையில ஒரு வெளக்கு வெளிச்சத்துல ஆடு ஒன்னு தெரியுது. என்னமோ மேயுது. படம் எடுக்கவா?"

"எடு," என்றேன். "ஆடாத கைய வச்சு எடு."