அபூசாலி ஸேருக்காக அழுதவர் யார்?

"சூரை நல்ல பிரெஷ், ஸேர்" என்று மீன்காரர் றாஸிக் சொல்லித் தொலைத்துவிட்டார். இனி மீன் வாங்கியபாடில்லை. அந்த 'பிரெஷ்' என்ற சொல் எங்கே பிறந்தது, எந்த வழியாக இங்கிலாந்துக்குள் நுழைந்தது என்று அபூசாலி ஸேர் விளக்கி முடிப்பதற்குள், மற்றவர்கள் வாங்கிப் போய்த் தட்டில் ஐஸ்தான் மிச்சம் கிடந்தது. இங்கிலீசு படிப்பித்துப் பென்ஷன் எடுத்த மனுஷன். அவர் முன்னால் ஆங்கிலச் சொல்லை வாயில் எடுக்க நிந்தவூரே யோசிக்கும்.

யோசிக்காமல் எடுத்தவர் டாக்டர். காய்ச்சலில் கிடந்து எழும்பிய ஸேரைப் பார்த்து, "கொஞ்சம் ஃபீபிள்" என்றார். மனைவி ஸுலைஹாவுக்கு அது போதும். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ண விடாமல் அதன் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். வீடும் அவருடையது, சீதன வீடு. அதற்குள் அப்பீலுக்கு இடமேது? ஸேரின் இறக்காமத்து வயலிலோ அன்றைக்கு அறுவடை. மெஷின் இறங்கும்போது வரம்பில் தான் நிற்காத ஒரு போகம் ஸேரின் ஆயுளில் இல்லை.

ஸேர் அகராதியைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"இஞ்ச பாரு கா. ஃபீபிள் எண்டா பலவீனம்தான். ஆனா அதுட வேர் லத்தீன். அழத்தக்கவன் எண்டு கருத்து. பாக்கிற ஆக்கள் அழோணும். எனக்காக ஆரு அழுத? ஒருத்தரும் அழல்லாட்டி நான் ஃபீபிள் இல்ல, நீ திறப்பத் தரோணும்."

வென்ற கையோடு புறப்பட வசதியாக, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே தெருவில் நடந்தார்.

"நான் காய்ச்சல்ல கிடக்கக்குள்ள நீ அழுதயா மனே?"

"இல்ல ஸேர். என்னத்துக்கு?" என்றார் றாஸிக்.

பக்கத்து வீட்டு நதீரா, "அல்லாஹ்விட்ட துஆ கேட்டன் ஸேர், அழல்ல" என்றார். பேக்கரி றிஸ்மிக்கோ அவர் காய்ச்சலில் கிடந்ததே தெரியாது. வழக்கு வென்ற சந்தோசம்தான் ஸேருக்கு. ஆனாலும் மனம் கொஞ்சம் நொந்தது. இத்தனை காலம் படிப்பித்த ஊரில் ஒரு சொட்டுக் கண்ணீர் கூடவா இல்லை?

வீட்டுக்கு வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஸுலைஹாவின் முன்னால் கையை நீட்டினார்.

"ஊருல ஒருத்தரும் அழல்ல. திறப்பத் தா. நீயும் அழல்லதானே?"

ஸுலைஹா பொய் பேசி அறியாதவர். துருவுவதை நிறுத்தினார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, திறப்பு முடிந்திருந்த அந்தத் தலைப்பாலேயே கண்ணைத் துடைத்தார்.

நீட்டிய கை வெறுங்கையாகவே மடங்கியது. பிறகு மெல்ல மேலே போய், தாடைக்குக் கீழே ஹெல்மெட்டின் வாரைக் கழற்றியது.